வரவு, பற்று, இருப்பு: குருதி வங்கிப் பதிவேடுகளின் வரலாறும் சாத்தூர் நிகழ்வு எழுப்பும் வினாக்களும்

ஆய்வுச் சுருக்கம்

1937-இல் சிகாகோ நகரப் பொது மருத்துவமனை ஒன்றில் 'குருதி வங்கி' என்னும் பெயர் பிறந்தபோது, வணிகப் பேரேட்டின் சிந்தனை முறையும் அதனுடன் மருத்துவத்திற்குள் வந்தது. அன்று முதல் குருதி வங்கியின் தகவல் அமைப்புகள் பைகளை எண்ணுவதில் பெற்ற தேர்ச்சியை, கொடையாளரையும் பெறுநரையும் தொடர்புபடுத்துவதில் பெறவில்லை. கையெழுத்துப் பதிவேடு பார்கோடாகவும் கணினித் தரவாகவும் மாறிய கட்டங்களை இக்கட்டுரை ஆராய்கிறது. அந்த வரலாற்றின் வெளிச்சத்தில், 2018-இல் விருதுநகர் மாவட்டத்தில் நிகழ்ந்த எச்.ஐ.வி. தொற்று நிகழ்வை ஒரு தகவல் அமைப்பின் தோல்வியாகவும் நோக்குகிறது. தமிழ்ப் பெயரிடு மரபும் ரோமன் வரிவடிவப் பதிவும் தரவு இணைப்பில் உண்டாக்கும் இடர்கள் தனியே ஆராயப்படுகின்றன.

திறவுச்சொற்கள்: குருதி வங்கி, பதிவேடு, தடமறிதல், பின்னோக்கித் தேடல், தலைப்பெழுத்து, இ-ரக்த்கோஷ், மருத்துவ வரலாறு

முன்னுரை

2018ஆம் ஆண்டு டிசம்பர் 3ஆம் நாள் சாத்தூர் அரசு மருத்துவமனையில் குருதிச்சோகைக்காகக் கருவுற்ற பெண் ஒருவருக்குக் குருதி ஏற்றப்பட்டது. அந்தக் குருதிப் பை சிவகாசி அரசு மருத்துவமனையின் குருதி வங்கியிலிருந்து வந்தது. அதைக் கொடுத்தவர் ஓர் இளைஞர். நவம்பர் இறுதியில், உறவினர் ஒருவரின் தேவைக்காக அவர் கொடை அளித்ததாக நாளேடுகள் பதிவு செய்துள்ளன. வெளிநாட்டு வேலைக்கான மருத்துவப் பரிசோதனையின்போதே தமக்கு எச்.ஐ.வி. தொற்று இருப்பதை அவர் அறிந்தார். அறிந்ததும் குருதி வங்கிக்குத் தாமே தெரிவித்தார். அதற்குள் பை பயன்படுத்தப்பட்டுவிட்டது. குருதி பெற்ற பெண்ணுக்கும் தொற்று உறுதியானது. கொடையாளர் அம்மாத இறுதியில் தம் உயிரை மாய்த்துக்கொண்டார்.

விசாரணையில் வெளிவந்த மற்றொரு செய்தியே இக்கட்டுரையின் தொடக்கப்புள்ளி. அதே இளைஞர் 2016-இல் ஒரு முகாமில் குருதி அளித்திருந்தார். அக்குருதி அப்போதே தொற்றுடையது எனக் கண்டறியப்பட்டிருந்தது. அச்செய்தி அவரைச் சென்றடையவில்லை. 2018-இல் அவர் மீண்டும் கொடையளிக்க வந்தபோது, அவரைத் தடுக்க வேண்டிய இடத்திற்கும் அது சென்றடையவில்லை. பொது விவாதம் பெரும்பாலும் 2018-இல் செய்த பரிசோதனையின் குறையையும் பணியாளர்களின் பொறுப்பையும் சுற்றியே நடந்தது. அது நியாயமே. பரிசோதனை முறையாக நடந்திருந்தால் பை அங்கேயே நின்றிருக்கும். எனினும், பரிசோதனை தவறும் நாளில் காக்க வேண்டிய இரண்டாவது வேலி பதிவேடு. இரண்டாண்டுகளுக்கு முன் எழுதப்பட்ட ஒரு வரி ஏன் படிக்கப்படவில்லை என்னும் வினாவிற்கு விடை காண, குருதி வங்கிப் பதிவேடு எதற்காக, எவ்வாறு அமைந்தது என்பதைத் தொடக்கத்திலிருந்து காண வேண்டியுள்ளது.

அட்டைப் பெட்டியும் பேரேடும்

குருதியைச் சேமிக்கும் வழி பரவலாவதற்கு முன்னரே குருதிக் கொடைக்கு ஒரு தகவல் அமைப்பு இருந்தது. கார்ல் லான்ட்ஸ்டைனர் 1901-இல் குருதி வகைகளை வெளியிட்ட பின், யாருக்கு யார் கொடுக்கலாம் என்பது ஊகத்தை விட்டு அறிவின் எல்லைக்குள் வந்தது. 1921-இல் இலண்டனில் செஞ்சிலுவைச் சங்கத்தின் கேம்பர்வெல் கிளையைச் சேர்ந்த பெர்சி லேன் ஆலிவர் தன்னார்வக் கொடையாளர் குழு ஒன்றை உருவாக்கினார். அப்பணியின் உயிர்நாடி அவர் பேணிவந்த கொடையாளர் அட்டைகளே. ஒவ்வொருவருக்கும் ஓர் அட்டை. அதில் பெயர், முகவரி, குருதி வகை, கொடை விவரம். மருத்துவமனையிலிருந்து தொலைபேசி அழைப்பு வந்ததும் பொருத்தமானவரின் அட்டை எடுக்கப்படும். அம்மனிதர் மருத்துவமனைக்கு அனுப்பப்படுவார். அங்கே குருதி அப்போதே நோயாளியின் உடலுக்குச் செல்லும்.

இந்த முறையின் ஒரு தன்மை கருதத்தக்கது. பதிவின் அலகு மனிதர். சேமிப்பு இல்லாததால் இருப்புக் கணக்கு தேவைப்படவில்லை. கொடுத்தவர் யார், பெற்றவர் யார் என்பதில் ஐயத்திற்கு இடமில்லை.

சோடியம் சிட்ரேட் கலந்தால் குருதி உறையாது என்பது 1914, 1915ஆம் ஆண்டுகளில் பல நாடுகளில் ஏறத்தாழ ஒரே காலத்தில் நிறுவப்பட்டது. முதல் உலகப் போரின்போது ஆஸ்வால்ட் ராபர்ட்சன் போர்முனைக்கு அருகில் குருதியைக் குளிரில் சேமித்துக் காட்டினார். சேமிப்பு வந்ததும் கொடைக்கும் ஏற்றத்திற்கும் இடையே காலம் புகுந்தது. அந்த இடைவெளியை நிரப்பப் பதிவு தேவைப்பட்டது.

1937 மார்ச் 15ஆம் நாள் சிகாகோவின் குக் கவுன்டி மருத்துவமனையில் பெர்னார்டு ஃபான்டஸ் குருதிச் சேமிப்பகம் ஒன்றைத் தொடங்கினார். ஏழைகளுக்கான பெரிய பொது மருத்துவமனை அது. 'குருதிப் பாதுகாப்பு ஆய்வகம்' என்ற வகையில் அமையவிருந்த பெயரை விடுத்து 'குருதி வங்கி' என்னும் பெயரை அவர் தேர்ந்தார். அதற்கு அவர் தந்த விளக்கம் வெளிப்படையானது: முன்னர்ப் பணம் செலுத்தாதவர் வங்கியிலிருந்து பணம் எடுக்க முடியாதது போல, உள்வரும் அளவிற்கே குருதியை வெளியே தர இயலும், ஆகவே இப்பெயர் வெறும் உருவகம் அன்று. குருதி எடுத்த பிரிவு அதற்கு ஈடாக வேறொரு கொடையாளரைக் கொண்டுவந்து கணக்கை நேர்செய்ய வேண்டும் என்பதே இம்முறையின் அடிப்படை.

தமிழ்க் கணக்கியல் மரபின் சொற்களில் கூறினால், ஆலிவரின் அட்டைப் பெட்டி ஆட்களின் பட்டியல். ஃபான்டஸின் புத்தகம் வரவும் பற்றும் இருப்பும் காட்டும் பேரேடு. பேரேட்டில் ஒரு ரூபாய்க்கும் மற்றொரு ரூபாய்க்கும் வேறுபாடு இல்லை. செலுத்திய நாணயமே திரும்ப வர வேண்டும் என்று எவரும் கேட்பதில்லை. வங்கி என்னும் நிறுவனத்தின் வலிமையே அது. குருதிக்கோ ஒவ்வொரு பையும் ஒரு குறிப்பிட்ட மனிதரின் உடலிலிருந்து, அவருடைய நோய் வரலாற்றையும் சுமந்து வருவது. இந்த வேறுபாட்டை வங்கி உருவகம் மறைத்தது. சங்கச் செய்யுளிலேயே வழங்கும் 'குருதி' என்னும் சொல்லும் ஆங்கில வணிக வழக்கிலிருந்து வந்த 'வங்கி' என்னும் சொல்லும் தமிழில் இணைந்தபோது, இந்த மறைப்பும் சேர்ந்தே வந்தது. (தோளணியைக் குறிக்கும் பழைய 'வங்கி' வேறு.) இந்திய அரசு மருத்துவமனைகளில் நெடுங்காலம் நிலைத்த 'பதிலீட்டுக் கொடையாளர்' முறை, அதாவது ஒரு பை பெற உறவினர் ஒருவர் ஒரு பை கொடுக்க வேண்டும் என்னும் வழக்கம், அடிப்படையில் ஃபான்டஸின் பேரேட்டு விதியே. 1970-இல் ரிச்சர்டு டிட்மஸ் குருதியைக் கொடையாகக் காண வேண்டுமா, சரக்காகக் காண வேண்டுமா என்னும் வினாவை எழுப்பியபோது பொருளியலாளர்களிடையே பெரும் விவாதம் எழுந்தது. பதிவேட்டின் கட்டங்களோ அதற்கு நெடுங்காலம் முன்பே தம் விடையை எழுதி வைத்திருந்தன.

பதிவேட்டில் எந்தக் கட்டம் இடம்பெறுகிறது என்பதும் நடுநிலையானதன்று. அமெரிக்கச் செஞ்சிலுவைச் சங்கம் இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் குருதியைக் கொடையாளரின் இனவாரியாகப் பிரித்துக் குறித்தது. 1950-இல்தான் அக்குறிப்பைக் கைவிட்டது. லூசியானா மாநிலச் சட்டத்தில் அவ்வேறுபாடு 1972 வரை நீடித்தது. மருத்துவப் பொருளே இல்லாத ஒரு செய்தியை ஒவ்வொரு பையின் மீதும் தவறாது எழுத அந்தச் சமூகத்தால் முடிந்தது என்பது நினைவில் நிறுத்தத்தக்கது.

பையும் எண்ணும்

இரண்டாம் உலகப் போருக்குப் பின் பதிவின் சுமை பலமடங்கு பெருகியது. 1943-இல் லூட்டிட்டும் மாலிசனும் உருவாக்கிய அமில சிட்ரேட் டெக்ஸ்ட்ரோஸ் கரைசல் குருதியின் ஆயுளை 21 நாட்களாக உயர்த்தியது. பின்னர் வந்த கரைசல்கள் அதை 35 நாட்களாகவும், துணைக் கரைசல் சேர்த்த சிவப்பணுக்களுக்கு 42 நாட்களாகவும் நீட்டின. 1950-இல் கார்ல் வால்டரும் வில்லியம் மர்பியும் கண்ணாடிக் குப்பிக்கு மாற்றாக நெகிழிப் பையை அறிமுகப்படுத்தினர். உடைவதைத் தவிர்ப்பது மட்டும் அதன் பயன் அன்று. ஒன்றோடொன்று குழாயால் இணைந்த பைகளில் குருதியை மையவிலக்கிச் சுழற்றிக் கூறுகளாகப் பிரிக்க முடிந்தது. ஒரு கொடை இப்போது சிவப்பணு, தட்டணு, பிளாஸ்மா என மூன்று பைகளாயிற்று. சிவப்பணு 2 முதல் 6 பாகை வெப்பநிலையில் வாரக்கணக்கில் இருக்கும். தட்டணு 20 முதல் 24 பாகையில், ஓயாது அசைக்கப்பட்டு, ஐந்து நாட்களே நிற்கும். உறைய வைத்த பிளாஸ்மா ஓராண்டு வரை பயன்படும்.

ஆகவே ஒரே மனிதரின் குருதி வெவ்வேறு நாட்களில் வெவ்வேறு ஊர்களில் மூன்று நோயாளிகளைச் சென்றடையலாம். ஒரு வரிக்கு ஒரு பை என்று கோடிட்ட பதிவேடு இங்கே திணறத் தொடங்கியது. பை எண்ணைக் கையால் பெயர்த்தெழுதும் ஒவ்வோர் இடமும் (சேகரிப்பு, பரிசோதனை, பிரிப்பு, பொருத்தப் பரிசோதனை, வழங்கல்) பிழை நுழையும் வாயிலாயிற்று.

பார்கோடு இதற்கு விடையாக வந்தது. அமெரிக்கக் குருதி ஆணையத்தின் குழு 1970-களின் பிற்பகுதியில் கோடபார் என்னும் பட்டைக்குறியைப் பொதுத் தரமாகப் பரிந்துரைத்தது. எழுத்துப் பிழையை அது பெருமளவு குறைத்தது. ஆயினும் ஒரு நிறுவனம் வழங்கிய எண் மற்றொரு நிறுவனத்தில் மீண்டும் வருவதை அதனால் தடுக்க இயலவில்லை. 1991 வளைகுடாப் போரில் பல நாடுகளின் குருதி ஓரிடத்தில் சேர்ந்தபோது இக்குறை கண்கூடாயிற்று. பன்னாட்டுக் குருதியேற்றச் சங்கம் 1994-இல் ஏற்ற ஐ.எஸ்.பி.டி. 128 என்னும் தரம், உலகில் எங்கும் இரண்டாவது முறை வராத கொடை எண்ணை உறுதிசெய்ய முயன்றது. அவ்வெண்ணின் முதல் 5 குறிகள் சேகரித்த நிறுவனத்தையும், அடுத்த 2 ஆண்டையும், எஞ்சிய 6 வரிசை எண்ணையும் காட்டும். கையால் தட்டச்சிடும்போது நேரும் பிழையைக் காட்டிக்கொடுக்கச் சோதனைக் குறி ஒன்றும் உண்டு.

இதை ஒரு பெரும் முன்னேற்றம் என்பதில் ஐயமில்லை. ஆயினும் அந்த எண் கொடையை அடையாளம் காட்டும், கொடையாளரைக் காட்டாது. ஒரே மனிதர் மூன்று முறை கொடுத்தால் மூன்று எண்கள் தோன்றும். அம்மூன்றும் ஒருவருடையவை என்பதை அறிய வேறோர் ஏற்பாடு வேண்டும். பேரேட்டின் பார்வை பார்கோடிலும் தொடர்ந்தது.

நோய் கேட்ட கேள்வி

எய்ட்ஸ் நோய்தான் பதிவேட்டைத் திருப்பிப் படிக்கக் கட்டாயப்படுத்தியது. 1985 மார்ச்சில் அமெரிக்காவில் எச்.ஐ.வி. எதிர்ப்பொருள் பரிசோதனைக்கு உரிமம் கிடைத்தது. அன்று வரை கேட்கப்படாத ஒரு கேள்வி அதனுடன் எழுந்தது: இன்று தொற்றுடையவர் எனத் தெரியவரும் இவர், இதற்கு முன் எத்தனை முறை குருதி கொடுத்தார், அவை யாரிடம் சென்றன? 'பின்னோக்கித் தேடல்' எனப்படும் இம்முறைக்குப் பதிவேட்டை இரு திசையிலும் படிக்க முடிய வேண்டும். பெறுநரிலிருந்து கொடையாளருக்கும், கொடையாளரிலிருந்து பெறுநருக்கும் வழி வேண்டும்.

பிரிட்டன் 1991-இல் கல்லீரல் அழற்சி சி வகைப் பரிசோதனையைத் தொடங்கியது. பழைய கொடைகளைப் பெற்றவர்களைத் தேடும் பணியை 1995-இல்தான் மேற்கொண்டது. பல பெறுநர்கள் அதற்குள் இறந்திருந்தனர். பலரைக் காட்டும் மருத்துவமனை ஏடுகள் இல்லை. கனடாவில் நீதிபதி ஹோரஸ் கிரீவர் தலைமையிலான ஆணையம் 1997-இல் அளித்த அறிக்கையைத் தொடர்ந்து, அந்நாட்டுக் குருதிச் சேவையின் பொறுப்பு செஞ்சிலுவைச் சங்கத்திடமிருந்து புதிய அமைப்புகளுக்கு மாறியது. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2002ஆம் ஆண்டு நெறிமுறை, தடமறிதலுக்கான தரவுகளைக் குறைந்தது 30 ஆண்டுகள் பேண வேண்டும் என்றது. ஒரு தொற்று வெளிப்படாமல் உடலில் வாழக்கூடிய காலத்தை ஏட்டின் ஆயுள் தாண்ட வேண்டும் என்னும் எளிய கணக்கே இதன் அடிப்படை.

இந்தியச் சட்டமும் பதிவேடும்

இந்தியாவில் எச்.ஐ.வி. தொற்று முதன்முதலில் 1986-இல் சென்னையில் கண்டறியப்பட்டது. சென்னை மருத்துவக் கல்லூரியின் சுனிதி சாலமன் வழிகாட்டுதலில் திரட்டப்பட்ட மாதிரிகள் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் பரிசோதிக்கப்பட்டன. 1989-இல் கொடைக் குருதிக்கு எச்.ஐ.வி. பரிசோதனை கட்டாயமாயிற்று. பணத்திற்காகக் குருதி விற்போரை நம்பி அன்று இயங்கிய வங்கிகளின் நிலையை எதிர்த்துக் 'காமன் காஸ்' அமைப்பு தொடுத்த வழக்கில், 1996 ஜனவரி 4-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. குருதி விற்பனை இரண்டாண்டுக்குள் ஒழிய வேண்டும், உரிமமின்றி வங்கி இயங்கக் கூடாது, தேசிய, மாநிலக் குருதியேற்றக் குழுமங்கள் அமைய வேண்டும் என்பன அதன் சாரம். 2002-இல் தேசியக் குருதிக் கொள்கை வந்தது.

இவை கொடையாளரின் தகுதியை மாற்றின. பதிவேட்டின் வடிவத்தை அதே வேகத்தில் மாற்றவில்லை. மருந்துகள், ஒப்பனைப் பொருட்கள் சட்ட விதிகளின் எஃப் அட்டவணை, 12-பி பகுதி, கொடையாளர் பதிவு, முதன்மைப் பதிவு, வழங்கல் பதிவேடு, கூறுகள் பதிவு, எதிர்விளைவுப் பதிவு, பரிசோதனைப் பொருள் இருப்பு எனப் பல ஏடுகளைக் கட்டாயமாக்குகிறது. குருதி ஒரு மருந்தாகவே சட்டத்தில் கருதப்படுவதால், மருந்துக் கிடங்கின் இருப்பேட்டை ஒத்தவை இவை. இவற்றைப் பேண வேண்டிய காலம் 5 ஆண்டுகள். ஐரோப்பாவின் 30 ஆண்டுடன் ஒப்பிடும்போது இந்த எண்ணின் குறுகிய தன்மை தெரிகிறது.

மற்றொரு கொள்கை முடிவும் இங்கே பொருந்துகிறது. எய்ட்ஸ் பரவலின் தொடக்க ஆண்டுகளில் குருதி வங்கிகளில் நடந்த எச்.ஐ.வி. பரிசோதனை, பெயரிலிருந்து பிரிக்கப்பட்ட ஒன்றாகவே வகுக்கப்பட்டது. தொற்றுள்ள பை அழிக்கப்படும், கொடையாளருக்குச் சொல்லப்படுவதில்லை. நோயாளியைச் சமூகம் ஒதுக்கிய அக்காலத்தில் மறைகாப்பு இரக்கத்தின் செயலாகவே இருந்தது. பின்னர் நெறிமுறை மாறியது. ஒப்புதல் தந்த கொடையாளரை அழைத்து, தமிழ்நாட்டில் 'நம்பிக்கை மையம்' என்று வழங்கும் ஆலோசனை, பரிசோதனை மையத்திற்கு அனுப்புவது கடமையாயிற்று. ஆயினும் பையை அழிப்பதோடு வேலை முடிந்தது என்னும் பழைய மனப்போக்கு பேரேட்டின் தருக்கத்தோடு நன்கு இசைவது. கெட்ட சரக்கு கழிக்கப்பட்டது, இருப்பு சரியாயிற்று. கழிக்கப்பட்ட வரிக்குப் பின்னால் ஒரு மனிதர், தன் நிலை அறியாமல், அடுத்த முகாமிற்குச் செல்லக்கூடியவராக இருக்கிறார் என்பது அந்தக் கணக்கில் இடம்பெறாது.

2016 ஏப்ரல் 7-இல் ஒன்றிய அரசு இ-ரக்த்கோஷ் என்னும் இணையவழி அமைப்பைத் தொடங்கியது. சி-டாக் நிறுவனம் அதை உருவாக்கியது. இருப்பு நிலையைப் பொதுமக்கள் பார்க்கும் வசதியே அதன் புகழ்பெற்ற முகம். கொடையாளரை உயிரளவை வழியாக அடையாளம் கண்டு, முந்தைய கொடை வரலாற்றின் அடிப்படையில் விலக்கும் கூறும் அதன் வடிவமைப்பில் அறிவிக்கப்பட்டிருந்தது. சாத்தூர் நிகழ்வின் இளைஞர் முதன்முறை தொற்றுடையவராகக் கண்டறியப்பட்டதும் அதே 2016-இல்தான். வடிவமைப்பில் ஒரு கூறு இருப்பதும் மாவட்ட மருத்துவமனையின் முகாம் மேசையில் அது இயங்குவதும் வேறு வேறு.

பெயர் என்னும் இடர்

கையெழுத்துப் பதிவேடுகளைக் கொண்டு ஒருவரின் முந்தைய கொடையைத் தேடுவது எப்படி என்பதை எண்ணிப் பார்க்கலாம். நோயாளியின் கோப்பிலிருந்து ஏற்றிய நாள் கிடைக்கும். அந்நாளைக் கொண்டு வழங்கல் பதிவேட்டில் பை எண்ணையும், அதைக் கொண்டு முதன்மைப் பதிவில் கொடையாளர் படிவத்தையும் அடையலாம். இதுவரை வழி நேரானது. அதே மனிதர் முன்பு எப்போதேனும் கொடுத்தாரா என்னும் கேள்விக்கோ எண் உதவாது. பெயர் ஒன்றே கையிலுள்ளது. நாள் வரிசையில் எழுதப்பட்ட ஏட்டில் பெயர்வழித் தேட வேண்டுமெனில் ஒவ்வொரு பக்கத்தையும் படிக்க வேண்டும். கொடையாளர் படுத்துக் காத்திருக்கும் வேளையில் அது நடவாது.

கணினி வந்தால் இது தீரும் என்பது பொதுவான எதிர்பார்ப்பு. தமிழ்ப் பெயரிடு மரபை அறிந்தோர் அவ்வளவு எளிதில் அதை ஏற்கமாட்டார்கள். தமிழ்ப் பெயருக்குக் குடும்பப் பெயர் இல்லை. தந்தை பெயரின் தலைப்பெழுத்து முன்னே நிற்கும். அது படிவத்தின் வசதிக்கேற்பப் பின்னே செல்லும். கடவுச்சீட்டில் விரிந்து முழுப் பெயராகும். சில வேளை விடுபடும். திருமணமான பெண்ணின் தலைப்பெழுத்து தந்தையினதிலிருந்து கணவரினதாக மாறும். மு. முருகன் என்ற பெயரில் ஒரே வட்டத்தில் பலர் இருப்பர். அதே வேளையில் ஒரே முருகன் மூன்று படிவங்களில் மூவராகத் தோன்றுவார்.

ரோமன் வரிவடிவம் இதற்கு மேலும் ஒரு மூட்டத்தைச் சேர்க்கிறது. ச., சி., சு., செ., சோ. எனத் தமிழில் வேறுபட்டு நிற்கும் தலைப்பெழுத்துகள் ஆங்கிலப் படிவத்தில் 'எஸ்' என்னும் ஒரே எழுத்தாகச் சுருங்குகின்றன. சண்முகம், சிவசாமி, சுப்பையா, செல்லையா, சோமசுந்தரம் ஆகிய தந்தையரின் மக்கள் எல்லாரும் அங்கே ஒரே தலைப்பெழுத்தினர். தமிழில் எழுதியிருந்தால் இருவரை வேறுபடுத்தியிருக்கும் செய்தி, கணினிக்குள் நுழையும் வாசலிலேயே அழிந்துவிடுகிறது. தமிழ்த் தலைப்பெழுத்தை வலியுறுத்துவதற்கு மொழிப்பற்று மட்டுமே காரணமாகக் காட்டப்படுவதுண்டு. தரவின் துல்லியமும் ஒரு காரணம் என்பது அதிகம் பேசப்படவில்லை.

ஒலிவழித் தேடலும் இங்கே முழுமையாகத் துணைசெய்யாது. 1918-இல் அமெரிக்காவில் காப்புரிமை பெற்ற சவுண்டெக்ஸ் முறை, பெயரின் முதல் எழுத்தை அப்படியே வைத்துக்கொண்டு, எஞ்சிய மெய்களை ஒலியினம் கருதி எண்களாக மாற்றுவது. ஆங்கிலக் குடும்பப் பெயர்களுக்காக வகுக்கப்பட்டது. 'செந்தில்' என்பதைத் தகரத்திற்கு எந்த எழுத்திட்டு எழுதினாலும் அது ஒரே குறியீட்டைத் தந்துவிடும். 'இளங்கோ' என்பதோ ரோமனில் 'ஐ' எழுத்தாலும் 'ஈ' எழுத்தாலும் தொடங்கும். முதல் எழுத்து மாறியதும் குறியீடு வேறாகிவிடும். 'செழியன்' முதலெழுத்தில் மட்டுமன்றி ழகரத்திலும் சிதறும். ழகரத்தை 'எல்' என எழுதுவோரும் 'இசட்-எச்' என எழுதுவோரும் உண்டு. சவுண்டெக்ஸில் அவை வேறு வேறு இனத்தன. 'அழகப்பன்' இரு மனிதராவது இவ்வாறே. தமிழ் ஒலியியலை அறிந்து செய்யப்பட்ட பெயரொப்பீட்டு முறை குருதி வங்கிக்குத் தேவை என்பது மொழியியலாளர்களின் மேசைக்கு வர வேண்டிய பணி. இதுவரை அது கணினித் துறையின் சில்லறை வேலையாகவே கருதப்பட்டுள்ளது.

கைப்பேசி எண், ஆதார், விரல்ரேகை ஆகியவை மாற்று வழிகளாக முன்வைக்கப்படுகின்றன. கைப்பேசி எண் இளைஞரிடையே அடிக்கடி மாறுவது. அரசு அடையாள எண்ணை எச்.ஐ.வி. முடிவோடு ஒரே அட்டவணையில் வைப்பதில் வேறோர் ஆபத்துண்டு. 2018 செப்டம்பர் 10-இல் நடைமுறைக்கு வந்த எச்.ஐ.வி., எய்ட்ஸ் தடுப்பு, கட்டுப்பாட்டுச் சட்டம் தொற்று நிலையின் மறைகாப்பைச் சட்டக் கடமையாக்கியுள்ளது. ஆனால் முகாம் மேசையிலிருப்பவருக்குக் காரணம் தெரிய வேண்டியதில்லை. 'இவரிடம் இன்று குருதி எடுக்க வேண்டாம். மருத்துவ அலுவலரைப் பார்க்கச் சொல்க' என்னும் அளவிற்குத் தெரிந்தால் போதும். மஞ்சள் காமாலையாலும் மலேரியாவாலும் குறைந்த எடையாலும் விலக்கப்படுவோருக்கும் அதே சொற்கள் தோன்றுமாறு செய்தால், அச்சொற்களிலிருந்து எதையும் ஊகிக்க இயலாது. மறைகாப்பும் பாதுகாப்பும் ஒன்றையொன்று வெட்டுவன என்ற எண்ணம் பெரும்பாலும் திரையில் எதைக் காட்டுவது என்னும் தெளிவின்மையிலிருந்து பிறப்பது.

பழைய ஏடும் புதிய கணினியும்

ஒரு பொது மருத்துவமனையில் குருதி வங்கி மென்பொருள் நிறுவப்படும் நாளில் முதலில் ஏற்றப்படுவது இருப்பு: எந்த வகையில் எத்தனை பை, எப்போது காலாவதி. அன்றாடப் பணி நடக்க அது வேண்டும்; மாவட்ட ஆட்சியருக்குக் காட்டவும் அதுவே வேண்டும். பழைய கொடையாளர் படிவங்கள் கட்டுகளாகக் கட்டி அறையின் மேல்தட்டில் வைக்கப்படும். அவற்றை உள்ளிடப் பணியாள் இல்லை. ஒப்பந்தத்தில் அதற்குத் தொகை ஒதுக்கப்பட்டிருக்காது. மறுநாள் காலை முதல் வரும் ஒவ்வொரு கொடையாளரும் அந்தக் கணினிக்குப் புதியவர். பதினைந்து ஆண்டுகள் தவறாது கொடுத்தவரும் புதியவர். சென்ற ஆண்டு நிரந்தரமாக விலக்கப்பட்டவரும் புதியவர்.

புதிய அமைப்பு எவ்வளவு வேகமாக இருந்தாலும், நிறுவிய நாளில் அது பழைய ஏட்டைவிட அறியாமை மிக்கது. எல்லாப் படிவங்களையும் உள்ளிட இயலாதெனில் விலக்கப்பட்டோரின் வரிகளை மட்டுமேனும் முதலில் உள்ளிடலாம். பொதுவாக ஒரு வங்கியில் அவை மொத்தக் கொடையில் மிகச் சிறு பகுதியே. சில நாட்களின் வேலை. அதைச் செய்யாமல் போவதற்குக் காரணம் உழைப்பின் அளவன்று. மேம்பாடு என்பதை இருப்புக் கணக்கின் மேம்பாடாகவே காணும் பழக்கம்தான் காரணம். 1937-இல் தொடங்கிய பேரேட்டுப் பார்வை ஒப்பந்தப் புள்ளி ஆவணத்தின் அட்டவணைக்குள்ளும் இவ்வாறு வாழ்கிறது.

எல்லை பற்றிய வினாவும் உண்டு. ஒரு வங்கியின் விலக்குப் பட்டியல் அவ்வங்கியோடு நின்றால், சிவகாசியில் விலக்கப்பட்டவர் கோவில்பட்டியில் கொடுக்கலாம். அறியாமல் கொடுப்பவர் மீது அதில் குற்றமும் இல்லை. தொழிலுக்காக ஊர் மாறும் இளைஞர்கள் நிறைந்த வட்டாரங்களில் இது அரிதான கற்பனையன்று.

சாத்தூர் நிகழ்வை விசாரித்த சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, 2019-இல் பாதிக்கப்பட்ட பெண்ணுக்கு 25 இலட்சம் ரூபாய் இழப்பீடு வழங்க ஆணையிட்டது. அடுத்த ஆண்டு, 2020 மார்ச்சில், ஒன்றிய அரசு மருந்து விதிகளைத் திருத்தியபோது 'குருதி வங்கி' என்னும் சொல் சட்டத்திலிருந்து நீங்கி, 'குருதி மையம்' என்பது அதன் இடத்தில் வந்தது. ஃபான்டஸ் சூட்டிய பெயர் 83 ஆண்டுகளுக்குப் பின் இந்தியச் சட்ட ஏட்டில் முடிவுக்கு வந்தது. பெயர்ப்பலகைகளும் படிவத் தலைப்புகளும் மெல்ல மாறி வருகின்றன. பதிவேடுகளைப் பேணும் காலம் 5 ஆண்டுகள் என்னும் விதி, புதிய பெயரின் கீழும் தொடர்கிறது. அவ்விதியின் எழுத்துப்படி, 2016-இல் முகாமில் எழுதப்பட்ட அந்த ஒரு வரி 2021-க்குப் பின் இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை.